அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் நான்கு பக்கக் கடிதம் கிடைத்தது. "அண்ணா, சரி தப்பு சொல்ல வீட்டில் ஆள் இல்லை" என்று முடித்திருந்தீர்கள். இரண்டு முறை படித்தேன். மற்ற வாசகர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காகச் சுருக்கிச் சொல்கிறேன். உங்கள் பெயரோ பட்டறையின் பெயரோ வெளியே வராது.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தின் சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கிறீர்கள். கணவருக்கு 44 வயது. டர்பனின் தெற்குப் பக்கம் இருக்கும் ஒரு சின்ன இரும்பு ஃபவுண்டரியில் (இரும்பை உருக்கி வார்க்கும் பட்டறை) 11 வருடமாக வேலை. மாதம் 9,600 ராண்ட். பிப்ரவரியில் ஒரு காலை உலைக்குள் பழைய இரும்பைப் போட்டபோது உருகிய இரும்புக் குழம்பு வெடித்து மேலே சிதறியது. இடது கண்ணில் பார்வை போய்விட்டது. முகத்தில் ஒரு பக்கமும் வலது பாதமும் வெந்துவிட்டன. ஐந்து மாதமாக வீட்டில் இருக்கிறார். முதலாளி நம் ஆள், கோயில் கமிட்டியில் இருப்பவர், மாரியம்மன் கஞ்சிக்கு வருடாவருடம் கொடுப்பவர். இரண்டு மாதச் சம்பளம் கொடுத்தார், அப்புறம் நிறுத்திவிட்டார். இப்போது 30,000 ராண்டும் ஒரு காகிதமும் கொண்டு வந்திருக்கிறார். இனி எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று அதில் எழுதியிருக்கிறது. "ரிப்போர்ட் செய்தால் இன்ஷூரன்ஸ் ஏறும், பட்டறையை மூட வேண்டி வரும், இருபது குடும்பம் தெருவுக்கு வரும்" என்கிறார். கணவர் பாதுகாப்புக் கண்ணாடி போடவில்லை, ஆகவே தப்பு அவருடையதுதான் என்கிறார் மேனேஜர். விதி என்கிறார் உங்கள் மாமியார். கையெழுத்துப் போடலாமா என்று கேட்கிறீர்கள்.

போடாதீர்கள். போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். தொழில் விபத்து நட்டஈட்டுச் சட்டத்தின்படி (1993-ஆம் ஆண்டின் 130-ஆம் எண் சட்டம், 'கோய்டா' என்று எல்லோரும் சொல்வது) ஒரு தொழிலாளி தனக்கு வரவேண்டிய நட்டஈட்டை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. ஆனால் அந்தக் காகிதத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்பி நாளைக் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் காகிதத்தைவிட அதுதான் பயம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். காயத்தால் வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு மாதச் சம்பளத்தில் 75 சதவீதம் சட்டப்படி வரவேண்டும். 9,600-க்கு அது 7,200 ராண்ட். ஐந்து மாதத்துக்கு 36,000. இதில் முதல் மூன்று மாதத்தை முதலாளி தன் கையிலிருந்து கொடுத்துவிட்டு, பிறகு காப்பீட்டிடம் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் கொடுத்த இரண்டு மாதச் சம்பளம் தயவு என்று நினைத்து நீங்கள் நன்றி சொல்லியிருக்கிறீர்கள். நன்றி சொன்னதில் தவறில்லை, அது உங்கள் குணம். ஆனால் அந்தப் பணத்தைக் கொடுப்பது அவருடைய கடமை, அதைத் திரும்பப் பெறும் வழியும் அவருக்கு இருக்கிறது.

அடுத்து கண். ஒரு கண்ணின் பார்வை முழுவதும் போனால் நிரந்தர ஊனம் 30 சதவீதம் என்று சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. 30 சதவீத ஊனத்துக்கு மொத்தத் தொகையாக 15 மாதச் சம்பளம். உங்கள் கணக்கில் அது 1,44,000 ராண்ட். 30-ஐத் தாண்டினால் மொத்தத் தொகை கிடையாது, வாழ்நாள் முழுவதும் மாத ஓய்வூதியம். முகத் தழும்பையும் பாதத்தையும் மருத்துவர் சேர்த்து மதிப்பிட்டால் உங்கள் கணவர் இந்த ஓய்வூதியப் பக்கம் போக நல்ல வாய்ப்பிருக்கிறது. இதற்கெல்லாம் மேல், விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்கு மருத்துவச் செலவும் உண்டு. இத்தனையையும் 30,000-க்குக் கேட்கிறார்கள்.

இனி மேனேஜர் சொன்ன "உன் தப்பு". கோய்டா யார் தப்பு என்று கேட்கும் சட்டம் இல்லை. வேலை செய்யும்போது, வேலையின் காரணமாக அடிபட்டால் அதுவே போதும். வேண்டுமென்றே செய்த கடுமையான ஒழுங்கீனம் என்றால் பணம் மறுக்கப்படலாம். அப்படியானாலும் காயம் பெரிதாக இருந்தால் அந்தத் தடையும் விலகிவிடும். மூன்று பேருக்கு ஒரே ஒரு பாதுகாப்புக் கண்ணாடி இருந்தது, கணவரின் முறை வரும்போது அது இன்னொருவர் முகத்தில் இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை ஒழுங்கீனம் என்று எந்த அலுவலகமும் ஏற்காது. அந்த மேனேஜர்தான் பூட்ஸுக்காகச் சம்பளத்தில் 350 ராண்ட் பிடித்தார் என்பதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. 1993-இன் 85-ஆம் எண் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பாதுகாப்புக்காக முதலாளி கொடுக்க வேண்டிய எதற்கும் சம்பளத்தில் ஒரு சென்ட்கூடப் பிடிக்கக்கூடாது என்கிறது. அந்தச் சம்பளச் சீட்டை எடுத்து வையுங்கள்.

சம்பளச் சீட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "சீட்டில் மட்டும் வேறு ஒரு கம்பெனி பெயர் இருக்கும், அதெல்லாம் ஆபீஸ் விஷயம் என்பார்."

அது ஆபீஸ் விஷயம் இல்லை, தங்கச்சி. உங்கள் கணவர் ஒரு லேபர் ப்ரோக்கர், அதாவது பிற நிறுவனங்களுக்கு ஆள் அனுப்பும் இடைத்தரகர், மூலமாக வேலைக்கு வந்தவராக இருக்கலாம். அப்படியானால் கதையே மாறுகிறது. கோய்டாவின் 35-ஆம் பிரிவு, நட்டஈடு வாங்கும் தொழிலாளி தன் முதலாளி மேல் தனியாக வழக்குப் போட முடியாது என்கிறது. இந்தச் சட்டம் நின்றுகொண்டிருக்கும் பேரமே அதுதான்: தொழிலாளி தப்பை நிரூபிக்க வேண்டியதில்லை, பதிலுக்கு முதலாளி நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை. 1941-ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றி 1993-இல் புதிய சட்டம் வந்தபோதும் அந்த எண்ணம் மாறவில்லை. ஆனால் இந்தக் கவசம் 'முதலாளி'க்கு மட்டும். ப்ரோக்கர் அனுப்பிய ஆளுக்கு இந்தச் சட்டத்தின் கண்ணில் முதலாளி ப்ரோக்கர்தான். பட்டறைக்காரர் வாடிக்கையாளர். கோழிப் பண்ணை ஒன்றில் ப்ரோக்கர் வழியாக வேலை பார்த்த ஒரு பெண்ணின் வழக்கில், 2006-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: வாடிக்கையாளர் நிறுவனத்துக்கு 35-ஆம் பிரிவின் கவசம் கிடையாது.

ஆக, கணவர் ப்ரோக்கரின் ஆள் என்றால் இரண்டு வழி திறந்திருக்கிறது. ப்ரோக்கரின் காப்பீட்டிலிருந்து நட்டஈடு. அதோடு, பட்டறைக்காரரின் கவனக்குறைவுக்காக நீதிமன்றத்தில் தனி வழக்கு. வழக்குக்குப் பொதுவாக மூன்று வருட அவகாசம் உண்டு. நம் கோயில்காரர் அந்தக் காகிதத்தோடு இவ்வளவு அவசரப்படுவதற்கு இதுதான் காரணமாக இருக்கலாம். எனக்கு அவரைத் தெரியாது, ஆகவே அதற்கு மேல் சொல்ல மாட்டேன். வழக்கறிஞரிடம் போனால், "ஜெயித்தால் மட்டும் கட்டணம்" என்ற ஒப்பந்தத்தில் அவர் எடுக்கும் பங்குக்குச் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. கிடைக்கும் தொகையில் 25 சதவீதத்துக்கு மேல் கேட்டால் எழுந்து வாருங்கள். வழக்குக்கு மட்டும்தான் வழக்கறிஞர். கோய்டா மனு போட யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று "க்ளெய்ம் செய்து தருகிறேன், பாதி எனக்கு" என்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

மனு எங்கே போகும்? இங்கேதான் நிறையப் பேர் தவறான கதவைத் தட்டி மாதங்களை இழக்கிறார்கள். நட்டஈட்டுக் காப்பீட்டுக்காகத் தொழில்களை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். இரும்பு, எஃகு, உலோக வேலைகள் 13-ஆம் வகுப்பு. 2015 மார்ச்சிலிருந்து இந்த வகுப்பை அரசின் நட்டஈட்டு நிதியத்துக்குப் பதிலாக ராண்ட் மியூச்சுவல் அஷ்யூரன்ஸ் நிறுவனம் பார்க்கிறது. சுரங்கத் தொழிலுக்காக 1894-இல் தொடங்கிய நிறுவனம் அது. எனவே பட்டறைக்காரர்தான் முதலாளி என்றால் கோப்பு அங்கே. ப்ரோக்கர் முதலாளி என்றால் அவர் எங்கே பதிவு செய்திருக்கிறாரோ அங்கே. இருவரிடமும் 'லெட்டர் ஆஃப் குட் ஸ்டாண்டிங்', அதாவது காப்பீட்டுக் கட்டணத்தை ஒழுங்காகக் கட்டியதற்கான சான்றுக் கடிதம், நகல் கேளுங்கள். பெரிய தொழிற்சாலைகளுக்கு வார்ப்படம் விற்கிற எவரும் வருடாவருடம் அதைப் புதுப்பித்தாக வேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் டெண்டருக்கே போக முடியாது. அதனால் "நாங்கள் பதிவு செய்யவில்லை" என்று சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம். உண்மையிலேயே பதிவு செய்யவில்லை என்றாலும் உங்கள் கணவரின் உரிமை போகாது. முதலாளி காப்பீட்டுக்குப் பணம் கட்டாதது முதலாளியின் குற்றம்.

முதலாளி விபத்தை 7 நாளுக்குள் தெரிவித்திருக்க வேண்டும். அதற்கான படிவம் டபிள்யூ.சி.எல். 2. அவர் செய்யவில்லை. அவர் செய்யாவிட்டால் நீங்களே டபிள்யூ.சி.எல். 3 என்ற படிவத்தில் மனுச் செய்யலாம். இதற்கான காலக்கெடு விபத்து நடந்த நாளிலிருந்து 12 மாதம். ஐந்து போய்விட்டது. மேலே நான் பயம் என்று சொன்னது இதைத்தான். 30,000 ராண்டும் ஒரு காகிதமும் வீட்டில் இருந்தால் அடுத்த பிப்ரவரி சத்தமில்லாமல் வந்து போய்விடும்.

இனி உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் சங்கடப்படுத்திய இடம். ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் பதிவு செய்கிறவரிடம், உங்கள் கணவர் வலியில் துடித்துக்கொண்டிருக்கும்போது, "வீட்டில் பிராய் போடும்போது நெருப்புப் பட்டது" என்று, அதாவது கரியில் இறைச்சி சுடும்போது பட்டது என்று, மேனேஜர் சொன்னாராம். அந்த ஒரு வரி இப்போது மருத்துவக் கோப்பில் இருக்கிறது. இது தடைதான், சுவர் இல்லை. கணவர் போலீஸ் நிலையத்துக்குப் போய் உறுதிமொழிப் பத்திரம் எழுதட்டும். அங்கே இலவசமாகச் சான்றொப்பமிட்டுத் தருவார்கள். தேதி, நேரம், உலைக்குப் பக்கத்தில் யார் யார் நின்றார்கள், யார் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கே யார் என்ன சொன்னார்கள், எல்லாவற்றையும் அவர் வாயால் சொல்ல வேண்டும். கூட வேலை செய்தவர்களில் ஒருவராவது, முடிந்தால் இருவர், தனித்தனியாக எழுதிக் கொடுத்தால் நல்லது. அன்று போட்டிருந்த சட்டையை எறிந்துவிட்டீர்களா? எறியவில்லை என்றால் துவைக்காமல் ஒரு பையில் போட்டு வையுங்கள். உருகிய இரும்பு துணியில் குத்தும் ஓட்டையும் பிராய்க் கரி வைக்கும் சூடும் ஒன்றல்ல. காயத்தைப் பார்த்த மருத்துவருக்கும் அது தெரிந்திருக்கும். சிகிச்சை கொடுத்தவரிடமே முதல் மருத்துவ அறிக்கை, அதாவது டபிள்யூ.சி.எல். 4, கேளுங்கள்.

மாமியாரிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்: இது விதி இல்லை. நான் பதினேழு வயதில் மோல்டிங் (வார்ப்பு அச்சுச் செய்யும் வேலை) கற்றுக்கொண்டு இந்தத் தொழிலுக்குள் வந்தவன், பிறகுதான் பாதுகாப்புப் பக்கம் திரும்பினேன். 1,400 டிகிரியில் கொதிக்கும் இரும்புக்குள் ஈரமான ஸ்கிராப், அதாவது பழைய இரும்பு, விழுந்தால் என்ன ஆகும் என்பது உலை பக்கம் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். ஈரம் குழம்புக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 லிட்டர் இடம் கேட்கும். ஒரு கணத்தில் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும்போது மேலே இருக்கும் இரும்பு முழுவதும் வாணம் மாதிரி மேலே வருகிறது. ஒரு கோப்பைத் தண்ணீர் போதும். இரண்டு முனையும் அடைபட்ட குழாய், மூடிய சிலிண்டர், துருவுக்குள் ஒளிந்த ஈரம், மழையில் கிடந்த பிரேக் டிரம், எதுவானாலும் இதே கதைதான். டர்பனில் பிப்ரவரி மழைக்காலம். ஸ்கிராப் கூரையில்லாத முற்றத்தில் கிடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். முற்றத்துக்குக் கூரை போட்டு, உலையில் போடுவதற்கு முன் ஸ்கிராப்பைச் சூடேற்றி உலர்த்தியிருந்தால் அன்றைக்கு அந்த இரும்பு வெடித்திருக்காது. குழம்பை ஏந்தி ஊற்றும் லேடிலையும் அப்படித்தான் காயவைத்து எடுக்க வேண்டும். ஊற்றும் இடத்தில் வெறும் கான்கிரீட் தரை ஆகாது, உலர்ந்த மணல் பரப்பியிருக்க வேண்டும், ஏனென்றால் கான்கிரீட்டும் உள்ளே ஈரம் வைத்திருக்கும். பூட்ஸ் லேஸ் இல்லாததாக, ஒரே உதறலில் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். பேண்ட் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உங்கள் கணவரின் பாதம் வெந்ததற்குக் காரணம், குழம்பு பூட்ஸுக்குள் இறங்கியதும் லேஸை அவிழ்க்கும்வரை அது உள்ளேயே நின்றதுதான். இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

இதையெல்லாம் தொழில் பாடமாகச் சொல்லவில்லை. கோய்டாவில் 56-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. முதலாளியின் கவனக்குறைவாலோ, தெரிந்தும் சரிசெய்யாத குறையாலோ விபத்து நடந்திருந்தால், வழக்கமான நட்டஈட்டுக்கு மேல் கூடுதல் தொகை கேட்கலாம். அதற்கு விபத்திலிருந்து 24 மாதம் அவகாசம். ப்ரோக்கர் இல்லை, நேரடி வேலைதான் என்று தெரியவந்தால் உங்கள் கணவருக்கு உள்ள பெரிய ஆயுதம் இதுதான். அப்போது கூரையில்லாத முற்றம், மூவருக்கு ஒரு கண்ணாடி, லேஸ் பூட்ஸ், எல்லாம் சாட்சியாகும். தொழிலாளர் இருபதுக்கு மேல் இருந்தால் பாதுகாப்புப் பிரதிநிதி ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். இருந்தாரா, அவர் முன்பே புகார் எழுதியிருந்தாரா என்றும் விசாரியுங்கள். குறைந்தது 14 நாள் வேலைக்கு வரமுடியாத காயம் என்றால் வேலைவாய்ப்பு மற்றும் தொழிலாளர் துறைக்கும் தெரிவித்தாக வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தால், மிச்சம் இருக்கும் இருபது பேருக்கு அந்தக் கூரை கிடைக்கும். முதலாளி சொன்ன இருபது குடும்பத்தைப் பற்றி எனக்கும் அக்கறை உண்டு.

இன்ஷூரன்ஸ் ஏறும் என்கிறார். கட்டணம் அவருடைய மொத்தச் சம்பளப் பட்டியலை வைத்துக் கணக்கிடப்படுகிறது, விபத்து அதிகமானால் கூடலாம் என்பதும் உண்மை. ஆனால் மறைத்ததற்காக அவருக்கு அபராதம் வரக்கூடும், அது அதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். இதை அவரிடம் மரியாதையாகவே சொல்லலாம். "ஐயா, நீங்கள் கட்டிய பணத்தைத்தான் கேட்கிறோம், உங்கள் கைப்பணத்தை இல்லை" என்று கணவர் சொல்லட்டும். கோயிலில் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அந்தக் கஷ்டம் புரிகிறது. நம் சமூகம் சின்னது, அடுத்த கல்யாணத்தில் அவரும் நீங்களும் ஒரே பந்தியில் உட்காருவீர்கள். ஆனால் கண்ணை இழந்தவர் தலைகுனிய வேண்டியதில்லை. மனுப் போட்டதற்காக வேலையை விட்டு நீக்கினால் 30 நாளுக்குள் வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் சி.சி.எம்.ஏ.விடமோ உலோகத் தொழில் பேரவையிடமோ போங்கள். தொழிற்சங்க உறுப்பினர் என்றால் சங்கமே அதைப் பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று. என் அப்பா 22 வருடம் ஃபெட்லிங் வேலை பார்த்தார், எந்தப் பட்டறை என்பது இப்போது வேண்டாம். வார்ப்படத்தில் ஒட்டிய மணலைத் தட்டியும் அரைத்தும் எடுக்கும்போது புகை மாதிரி எழும்பும் தூசு அவர் மூச்சுக்குள் போனது. கடைசி ஆறு வருடம் படுக்கையில் உட்கார்ந்தபடியே தூங்கினார். வீசிங் என்று எல்லோரும் சொன்னார்கள். மணல் தூசு நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் என்ற நோயின் பெயரையே அவர் போன பிறகுதான் நான் கேட்டேன். யாரும் மனுப் போடவில்லை. உங்கள் கணவர் 11 வருடம் மணலோடு இருந்திருக்கிறார். எப்படியும் மருத்துவரிடம் போகப் போகிறார். மார்பு எக்ஸ்ரேயும் மூச்சுப் பரிசோதனையும் காதுப் பரிசோதனையும் செய்துவிடச் சொல்லுங்கள். நுரையீரலில் ஏதாவது தெரிந்தால் அது தொழில் நோய், இந்தக் கண்ணோடு சம்பந்தமில்லாத தனி மனு. அதற்கான காலக்கெடு நோய் கண்டறிந்த நாளிலிருந்துதான் தொடங்கும்.

மகனை அதே பட்டறையில் சேர்க்க முதலாளி முன்வந்திருப்பது பற்றிக் கடைசியில் கேட்டிருந்தீர்கள். பையனுக்கு உலோக வேலையில் ஆசை இருந்தால் நல்ல இடத்தில் முறையாக அப்ரென்டிஸ் ஆகட்டும், நானே விசாரித்துச் சொல்கிறேன். அந்த முற்றத்துக்குக் கூரை வரும்வரை அவனை அங்கே அனுப்பாதீர்கள்.

சனிக்கிழமை காலை நான் வீட்டில்தான் இருப்பேன். கணவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, ஆஸ்பத்திரி அட்டை, வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த கடிதம், அந்தச் சட்டை. முதலாளி கொடுத்த காகிதத்தையும் எடுத்து வாருங்கள், கையெழுத்தில்லாமல்.

அன்புடன்,
அண்ணா